பெயர் வெட்டிய திகதியே உங்கள் வழக்கு

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தாயார் 31 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். 2024 ஒக்டோபர் இறுதியில் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் தொழிலாளர் பதிவேட்டில், அவருடைய பெயர் வெட்டப்பட்டது. ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி (EPF) கைக்கு வந்துவிட்டது. ஓராண்டுக்கு மேலாகியும், சேவைக்காலத்துக்காகத் தொழில்தருநர் தர வேண்டிய பணிக்கொடை (gratuity) வரவில்லை. பெயர் வெட்டிய அடுத்த மாதத்திலிருந்து அதே மலையில் கைக்காசுக்கு, அதாவது பதிவில் இல்லாமல் கையில் கூலி வாங்கிக்கொண்டு, கொழுந்து எடுத்து வருகிறார். பணத்தைக் கேட்கப் போனபோது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னிலையிலும் துரை (தோட்ட முகாமையாளர்) இழிவாகப் பேசினார் என்றும், மாதாமாதம் சந்தா வாங்கிய தொழிற்சங்கத் தலைவர் வாய் திறக்கவில்லை என்றும் வாசகர் மனம் நொந்து எழுதுகிறார். "இன்னும் வேலை செய்கிறவருக்கு எதற்குப் பணிக்கொடை" என்பது நிர்வாகத்தின் பதில். இப்போது ஒரு கடிதத்தில் கையொப்பமிட்டு, குடியிருக்கும் லயக் காம்பிராவையும் (தோட்டத்து வரிசை வீட்டின் அறை) ஒப்படைத்தால், 18 தவணைகளில் பணம் தருவதாகச் சொல்கிறார்களாம்.

உங்கள் தாயாருக்கு நேர்ந்த அவமானம் பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், துரை பேசிய பேச்சும் தலைவர் காத்த மௌனமும் இந்தப் பணத்தில் ஒரு ரூபாவைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. தொழில் திணைக்களத்தின் விசாரணை மேசையில் அவற்றைத் தூக்கிப் பிடித்தால், தொழில் அலுவலரின் கவனம் சிதறுவதுதான் மிஞ்சும். நீங்கள் நிலைநாட்ட வேண்டியது ஒன்றே ஒன்று: தாயாரின் சேவை எந்தத் திகதியில் முடிந்தது?

1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டத்தின்படி, சேவை முடிந்து 30 நாட்களுக்குள் பணிக்கொடை செலுத்தப்பட வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் 14 நாட்கள் கணக்கு. நீங்கள் எழுதியுள்ளபடி நாட்சம்பளம் 1,350 ரூபா என்றால், ஆண்டுக்கு 18,900 ரூபா. 31 ஆண்டுகளுக்கு 585,900 ரூபா. தாமதத்துக்கு மேலதிகக் கட்டணமும் உண்டு. அது முதல் மாதத்தில் 10 சதவீதத்தில் தொடங்கி, நிலுவை 12 மாதங்களைத் தாண்டியதும் 30 சதவீதமாகிறது. உங்கள் கணக்கில் அது 175,770 ரூபா. இந்தத் தொகை முழுவதும் 2024 ஒக்டோபர் என்ற திகதியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. சேவை இன்னும் முடியவில்லை என்று நிர்வாகம் சொல்வதும், இன்றைய திகதியிட்ட கடிதமொன்றைக் கேட்பதும் அந்தத் திகதியை அழிப்பதற்காகவே.

ஆனால், அந்தத் திகதிக்கு நிர்வாகமே சாட்சி வைத்திருக்கிறது. தாயார் சேமலாப நிதியைப் பெறுவதற்குக் கொடுத்த விண்ணப்பமான கே (K) படிவத்தில், அவர் சேவையிலிருந்து விலகிய திகதியைத் தோட்டமே உறுதிப்படுத்தியிருக்கும். அதன் பிரதியைத் தேடி எடுங்கள். பெயர் வெட்டிய பிறகு அவருடைய பெயரில் தொழிலாளியின் பங்கான 8 சதவீதமும் தொழில்தருநரின் பங்கான 12 சதவீதமும் சேமலாப நிதிக்குப் போயிருக்கிறதா, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 சதவீதம் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். போகவில்லை என்றால், நிர்வாகம் இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். சேவை முடிந்துவிட்டது என்றால் பணிக்கொடை அன்றே நிலுவையாகிவிட்டது. சேவை தொடர்கிறது என்றால், இத்தனை மாதங்களாகப் பங்களிப்புச் செலுத்தாமல் விட்டதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். தொழில் அலுவலரின் முன் இந்த ஒரு கேள்வியை அமைதியாக வைத்தால் போதும்.

முறைப்பாடு எங்கே, எப்படிக் கொடுப்பது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அதை விவரிக்க வேண்டியதில்லை. இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை மட்டும் சொல்கிறேன். 15 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் சிறு தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே வேலை செய்தவர்கள், சேவை முடிந்து 6 மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும்.

இனி, நான் உண்மையில் அஞ்சும் விடயத்துக்கு வருகிறேன். தோட்டத்து முதியவர்கள் பணிக்கொடையைச் சட்டத்திடம் இழப்பதில்லை. தங்கள் கையொப்பத்தில்தான் இழக்கிறார்கள். அலுவலகத்துக்கு வரச் சொல்வார்கள். கிளாக்கர் மேசையில் மூன்று நான்கு தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். கையொப்பமிடும் இடம் மட்டும் வெளியே தெரியும். பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும் அந்தத் தாள்களில் ஒன்று, முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன் என்ற பற்றுச்சீட்டாக இருக்கும். இன்னொன்று, இன்றைய திகதியிட்ட விலகல் கடிதமாக இருக்கும். முதல் தவணைக் காசோலையை நீட்டிக்கொண்டே பெருவிரலை மையில் வைக்கச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து பிள்ளை வாசித்துப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதன் பின் தவணை நின்றுபோய் நீங்கள் முறைப்பாடு செய்தால், நிர்வாகம் அந்தப் பற்றுச்சீட்டை எடுத்து மேசையில் வைக்கும். கையொப்பம் தாயாருடையதுதான், ஆனால் பணம் வரவில்லை என்று நிரூபிக்கும் சுமை அந்த நொடியிலிருந்து உங்கள் தலையில். எழுத்து வாசிக்கத் தெரியாத முதிய பெண்ணொருவர் அந்தச் சுமையைச் சுமந்து வெல்வது எவ்வளவு கடினம் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, அந்தக் கடிதத்தில் தாயார் கையொப்பமிடக் கூடாது. தனியாக அலுவலகத்துக்குப் போகவும் கூடாது. கைக்காசு வேலையை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அன்றாடச் செலவுக்கு அது தேவை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த வேலைக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டையும் பத்திரப்படுத்துங்கள். "சேவை தொடர்கிறது" என்ற சொல் எந்தத் தாளில் வந்தாலும் அதில் கையொப்பமிட வேண்டாம்.

லயக் காம்பிரா விடயத்தையும் இதோடு கலக்காதீர்கள். பணிக்கொடையைப் பறிமுதல் செய்வதற்குச் சட்டம் அனுமதிக்கும் காரணங்கள் மோசடி, நிதிக் கையாடல், தொழில்தருநரின் உடைமைக்குச் சேதம் அல்லது இழப்பு ஏற்படுத்தியமை போன்றவையே. அப்போதும், ஏற்பட்ட இழப்பின் அளவுக்கு மட்டும்தான். காம்பிராவில் குடியிருப்பது அந்த வரிசையில் இல்லை. அது தனி வழக்கு, தனிப் பேச்சு. "காம்பிராவை ஒப்படைத்ததும்" என்று தொடங்கும் எந்த நிபந்தனையும் உடன்படிக்கையில் இடம்பெறக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது: சமாதானமாகப் போங்கள். அவர்கள் எழுதித் தந்த கடிதத்தின்படி அல்ல, தொழில் அலுவலரின் முன்னிலையில். முழு 585,900 ரூபாவையும் ஆறு தவணைகளுக்கு மேற்படாமல், திகதி குறித்து, சேவை முடிந்தது 2024 ஒக்டோபரில் என்று ஒப்புக்கொண்டு எழுதித் தருவார்களானால், மேலதிகக் கட்டணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனம். ஒரு தவணை தவறினாலும் விட்டுக்கொடுத்த தொகை மீண்டும் செலுத்தத்தக்கதாகும் என்ற வாசகத்தை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். தொழில் ஆணையாளர் நிலுவைத் தொகையைக் குறிப்பிட்டுச் சான்றிதழ் எழுதி நீதவான் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால், அந்தத் தொகை அபராதப் பணத்தைப் போல அறவிடப்படும் என்பது உண்மையே. ஆனால் அதற்கு முன்பே கம்பனி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அதைத் தடுக்கும் எழுத்தாணை (writ) கேட்டு மனுப் போட்டால், ஆண்டுகள் ஓடும். கம்பனிக்கு அந்த ஆண்டுகள் ஒரு பொருட்டல்ல. 61 வயதில் மலை ஏறும் உங்கள் தாயாருக்கு அவை மிகப் பெரியவை. தோட்டத் தொழிலாளருக்கு மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. நீங்கள் கேட்டிருக்கும் முதியோர் கொடுப்பனவும் 70 வயது நிறைந்தவர்களுக்கானது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு அவரிடம் இருக்கப்போவது சேமலாப நிதியும் இந்தப் பணமும் மட்டுமே. வழக்கு நடக்கும்போது அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் பணம் வாரிசுகளுக்குச் சேரும். ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று இருக்கும் நம் குடும்பங்களில், வாரிசை நிரூபிப்பதே இன்னொரு வழக்காகிவிடும்.

கடிதத்தின் கடைசியில், இந்தப் பணம் வந்ததும் முச்சக்கர வண்டி வாங்கும் எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது என்னிடம் கேட்ட கேள்வி அல்ல. ஆனாலும் பதில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 60 வயதைக் கடந்த பெற்றோர் தம் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டுப் பராமரிப்புச் சபைக்குப் போகலாம். அப்படிப் போகிறவர்களில், பணிக்கொடையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் தாய்மாரும் உண்டு. உடன்படிக்கையில் பணம் வைப்பிலிட வேண்டிய கணக்கின் இலக்கத்தை எழுதும்போது, தாயாரின் பெயரில் மட்டும் உள்ள கணக்கை எழுதுங்கள். அவருக்குக் கணக்கு இல்லையென்றால், விசாரணைத் திகதிக்கு முன்பே ஒன்றைத் திறந்து, அந்தப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கே படிவத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு, அவரை நேரில் அழைத்துச் செல்லுங்கள்.