பர்ச்சேஸ் வேலை என்றால் பேரம் மட்டும்தானா?

ஐயா,

மெக்கானிக்கல் முடித்த மகளுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது, "நாலு வருஷம் படித்தது பேரம் பேசவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிரிவுக்குள்ளேயே முழுக்க என்ஜினியரிங்கான வேலை ஒன்று இருக்கிறது. ஒரு பாகம் என்ன விலை ஆகவேண்டும் என்று, சப்ளையர் கொட்டேஷன் வருவதற்கு முன்பே கணக்குப் போட்டு வைப்பது. 'ஷுட் காஸ்ட்' என்பார்கள். வண்டிக் கம்பெனிகளில் 'ஜீரோ பேஸ்டு காஸ்டிங்' என்றும் சொல்வதுண்டு.

ஓர் உதாரணம், எண்களெல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு பிராக்கெட்டுக்கு 200-க்கு 100 மி.மீ., 2 மி.மீ. கனத்தில் ஸ்டீல் ஷீட் வேண்டும். எடை 314 கிராம். கிலோ 70 ரூபாய் என்றால் 22 ரூபாய். செய்து முடித்த பாகம் 220 கிராம்தான். மிச்சம் ஸ்கிராப்பாக விற்றுவிடும், அதில் சுமார் 3.30 கழியும். பிரஸ் மெஷினில் மூன்று முறை அடித்து வடிவம் கொடுக்கவேண்டும், ஒரு அடிக்கு 2 ரூபாய். பிளேட்டிங், அதாவது உலோகப் பூச்சு, 4.40. ஆக 29 ரூபாய் சொச்சம். நிர்வாகச் செலவு, லாபம், லாரி வாடகைக்கு 20 சதவீதம் சேர்த்தால் 35.

சப்ளையர் கேட்பது 41. பழைய பாணி பையர், "பத்து பர்சென்ட் குறைங்க" என்பார். கணக்குப் போட்டவர், அந்த 6 ரூபாய் எங்கே இருக்கிறது என்று தேடுவார். இங்கே விஷயம் டை, அதாவது பிரஸ்ஸில் வடிவம் கொடுக்கும் அச்சு, மாற்றும் நேரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு லாட் அடிக்கும்போதும் மூன்று டைக்கும் சேர்த்து 3 மணி நேரம், மெஷின் ஹவர் ரேட் (மெஷினுக்கு மணிக்கு ஆகும் செலவு) 600 என்றால் 1800 ரூபாய். வாரம் 500 பீஸ் வாங்கினால் பீஸுக்கு 3.60, அதன்மேல் அதே 20 சதவீதம். 6 ரூபாயில் 4.30 இதிலேயே போய்விட்டது! அதற்குக் காரணம் சப்ளையரின் பேராசை இல்லை, நம் கம்பெனி ஆர்டர் போடும் விதம். மாதம் ஒரே லாட்டாக 2000 வாங்கினால் டை செலவு பீஸுக்கு 90 பைசாதான். ஆனால் சரக்கை வைக்க இடம் வேண்டும், பணமும் முடங்கும், டிராயிங் மாறினால் மொத்தமும் குப்பை. எது லாபம் என்று சொல்பவருக்குத்தான் அங்கே மதிப்பு.

பர்ச்சேஸ் என்றாலே கமிஷன் பேச்சு வருமே என்ற கவலையையும் எழுதியிருந்தீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் விலை எப்படி வந்தது என்று வரிவரியாக எழுதி வைத்திருப்பவர் மேல் விரல் நீட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

முதல் ஒரு வருடம் சப்ளையர் ஷாப்ஃப்ளோரில் நிறையச் சுற்றட்டும். அடி போடும் நேரத்தை நேரில் பார்க்காதவர் போடும் காஸ்ட் ஷீட்டை எந்த சப்ளையரும் மதிக்க மாட்டார். எக்ஸெல் நன்றாக வரவேண்டும். சி.எம்.ஏ. என்ற காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டதாரிகள் அதன் முதல் நிலையான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக அடுத்த நிலையான இன்டர்மீடியட்டில் சேரலாம். அது பிறகு, அவசரமில்லை.

அப்புறம், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுமுன் ஹெச்.ஆரிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: காஸ்ட் எஸ்டிமேஷனா, இல்லை பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.) போட்டு "சரக்கு எப்போ வரும்?" என்று போன் செய்யும் ஃபாலோ-அப் வேலையா? இரண்டாவது என்றால், ஒரு வருடத்துக்குள் மாற்றித் தருவார்களா என்பதையும்.