பென்டிரைவிலேயே ஆபீஸ் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லை. பகலில் பள்ளி லேப், சாயங்காலம் டியூஷன் சென்டர், ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு லேப்டாப் என்று மூன்று இடங்களில் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாள் தயாரிக்கிறேன். ஓரிடத்தில் அடித்த தமிழ் இன்னோரிடத்தில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது. லேப்பிலும் சென்டரிலும் புது மென்பொருள் நிறுவ விடமாட்டார்கள். என்னிடம் 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் அதிலேயே போட்டுக்கொள்ளலாமா, இல்லை கூகுள் டாக்ஸுக்கே போய்விடுவதா? சென்டரில் நெட் ரொம்பச் சுமார்.

பதில்: போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன் அந்தக் கிறுக்கலைச் சரிசெய்துவிடுவோம். இல்லையென்றால் எந்த மென்பொருளைத் தூக்கிக்கொண்டு போனாலும் அதுவும் கூடவே வரும்.

நீங்கள் அடிப்பது பாமினி அல்லது அந்தக் காலத்து வேறொரு எழுத்துருவாக இருக்க வேண்டும். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் தமிழ் எழுத்து எதுவும் பதிவாவதில்லை. ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். அந்த ஐந்துக்கும் தமிழ் முகமூடி மாட்டிவிடுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் முகமூடி கழன்று ஜே, கே, பி அப்படியே நிற்கும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் ‘த’ என்றால் கோப்புக்குள்ளும் ‘த’தான். பழைய வினாத்தாள்களை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் கொடுத்து யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், போகட்டும்.

யுனிகோடுக்கு மாறிய பிறகும் ஒரு தலைவலி உண்டு. விண்டோஸ் 7-இல் தமிழுக்கு லதா என்ற எழுத்துரு கூடவே வந்தது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ வந்தது. விண்டோஸ் 10-இல் லதாவை நாமாகக் கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு. லேப்பில் லதாவில் அமைத்த தாளை அக்கா வீட்டில் திறந்தால் அது நிர்மலாவில் தெரியும். எழுத்தின் அகலம் மாறுவதால் இரண்டு பக்கத் தாள் மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியோடு போய் நிற்கும். அதனால் திருத்துவதற்கு ஒரு கோப்பு, அச்சுக்கு ஒரு பிடிஎஃப் என்று எப்போதும் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப் தன் எழுத்துருவைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டு போகும்.

தட்டச்சுக்கு விண்டோஸ் 10, 11-இல் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தாலே விசைப்பலகை வந்துவிடும். பெரும்பாலும் நிர்வாகி கடவுச்சொல் கேட்காது. கேட்டால் பிரவுசரில் கீமேன்வெப் தளத்தைத் திறந்து அங்கே அடித்து, நகலெடுத்து ஒட்டுங்கள். எதையும் நிறுவ வேண்டாம், தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது.

சரி, இப்போது பென்டிரைவ். சாதாரணமாக ஒரு மென்பொருளை நிறுவும்போது அது ஒரே இடத்தில் உட்காராது. நிரல் ஓரிடம், உங்கள் அமைப்புகள் பயனர் கணக்குக்குள் வேறிடம், விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் சில குறிப்புகள் என்று வீடு முழுக்கச் சாமானைப் பரப்பிவிடும். அதனால்தான் அனுமதி கேட்கிறது. போர்ட்டபிள் மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் வைத்துக்கொள்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் போர்ட்டபிளைத் திறந்து பார்த்தால் உள்ளே ‘ஆப்’, ‘டேட்டா’ என்ற ஃபோல்டர்கள் இருக்கும். ‘ஆப்’பில் நிரல். ‘டேட்டா’வில் உங்கள் புக்மார்க், அமைப்பு எல்லாம். ஃபோல்டரோடு தூக்கினால் மொத்தமும் வந்துவிடும்.

இவை கிடைக்கும் தளம் போர்ட்டபிள்ஆப்ஸ் டாட் காம். அதன் கதை 2004-இல் வந்த இந்த ஃபயர்ஃபாக்ஸிலிருந்துதான் தொடங்கியது. இப்போது நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வேறு எங்கிருந்தோ வரும் ‘போர்ட்டபிள் ஆபீஸ்’, ‘போர்ட்டபிள் போட்டோஷாப்’ பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அவை பூட்டுடைத்த சரக்கு, உள்ளே என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

உங்களுக்கு மூன்றே போதும். வினாத்தாளுக்கு லிப்ரே ஆபீஸ், பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸ், பிடிஎஃப் பார்க்கச் சுமத்ரா. சுமத்ராவின் போர்ட்டபிள் வடிவம் ஒரே ஒரு கோப்புதான், அழகான வேலை. லிப்ரே ஆபீஸ் கனமானது. பழைய யுஎஸ்பி 2 பென்டிரைவிலிருந்து திறந்தால் தேநீர் போட்டுக்கொண்டு வரலாம். யுஎஸ்பி 3 வாங்கி, கம்ப்யூட்டரில் உட்புறம் நீலமாக இருக்கும் துளையில் செருகுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் ஒரு எச்சரிக்கை. அதில் கடவுச்சொல்லைச் சேமித்தால் அதுவும் ‘டேட்டா’ ஃபோல்டருக்குள்தான் போகும். பென்டிரைவ் பஸ்ஸில் விழுந்தால் எடுத்தவருக்கு உங்கள் கடவுச்சொல்லும் கிடைத்த மாதிரி. அமைப்பில் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை வையுங்கள், இல்லையென்றால் சேமிக்கவே சேமிக்காதீர்கள்.

போர்ட்டபிள் என்றால் எங்கும் ஓடும் என்றும் நினைத்துவிட வேண்டாம். பென்டிரைவிலிருந்து எந்த நிரலும் ஓடாதபடி சில லேப்களில் பூட்டி வைத்திருப்பார்கள். அங்கே குறுக்குவழி தேடாமல் லேப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். விண்டோஸுக்குப் பதிலாக பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டரில் விண்டோஸ் நிரல் ஓடாது. ஆனால் அதில் லிப்ரே ஆபீஸ் ஏற்கெனவே இருக்கும், உங்கள் கோப்பை நேராகத் திறந்துகொள்ளலாம்.

கூகுள் டாக்ஸ் இந்தப் பூட்டிலெல்லாம் மாட்டாது, பிரவுசர் இருந்தால் போதும். எழுத்துருவும் இணையம் வழியே வருவதால் லதா, நிர்மலா சண்டையும் இல்லை. தமிழில் பேசினாலே எழுதிக்கொள்ளும் வசதி குரோமில் உண்டு. கை வலிக்கும் நாளில் நானே பயன்படுத்துகிறேன். ஆனால் சென்டர் நெட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் சுற்றிக்கொண்டு நிற்கும். இணையமில்லாமல் டாக்ஸில் வேலை செய்யும் வசதியைப் பொதுக் கம்ப்யூட்டரில் போடவே கூடாது, உங்கள் கோப்புகளின் நகல் அங்கேயே தங்கிவிடும். ஆகவே வேலை பென்டிரைவில், நகல் கூகுள் டிரைவில். உங்கள் நிலைமைக்கு இதுதான் சரி என்பேன்.

அந்த நகலுக்கு வினாத்தாளுக்கென்றே தனியாக ஒரு கூகுள் கணக்கு தொடங்குங்கள். வங்கிக் குறுஞ்செய்தியும் குடும்பப் படமும் இருக்கும் கணக்கின் கடவுச்சொல்லை ஊரார் விசைப்பலகையில் அடிக்கவே வேண்டாம். பிரவுசரின் மறைநிலை (இன்காக்னிட்டோ) ஜன்னலைத் திறந்துவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அது மூடியதும் பார்த்த பக்கங்களை மறக்கும், அவ்வளவுதான். விசைப்பலகையை ஒட்டுக்கேட்கும் நிரல் இருந்தால் அதைத் தடுக்காது. இறக்கிய கோப்பும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். பள்ளி லேப்பில் உங்களுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப்போவது அந்த வினாத்தாளுக்குப் பதில் எழுதப்போகும் பிள்ளைகள்தானே! டவுன்லோட்ஸையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள்.

கடைசியாக, ஜெராக்ஸ் கடை. வேலைசெய்யும் பென்டிரைவை அங்கே கொடுக்கவே கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை கொடுத்தேன். திரும்பி வந்து செருகினால் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருந்தது. பதறிப்போய் ஃபார்மேட் செய்ய இருந்தேன், நல்லவேளை செய்யவில்லை. அந்த வகை வைரஸ் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை, ஒளித்துவைத்துவிட்டு அவற்றின் பெயரில் போலியை நிறுத்தும். போலியை நாம் கிளிக் செய்தால் பெரும்பாலும் அடுத்த கம்ப்யூட்டருக்குத் தொற்றிவிடும். அப்படி நேர்ந்தால் எதையும் கிளிக் செய்யாமல் முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டுங்கள். அப்புறம் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, ‘பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை’ என்பதன் டிக்கையும் எடுத்துவிட்டால் உங்கள் தாள்கள் மங்கலாகத் தெரியும். அவற்றை வேறிடத்துக்கு நகலெடுத்த பிறகு ஃபார்மேட் செய்யுங்கள்.

அச்சுக்கு இருப்பதிலேயே விலை குறைந்த இன்னொரு பென்டிரைவ் வாங்கி, அன்றைய பிடிஎஃப் ஒன்றை மட்டும் அதில் போட்டுக் கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்ததும் திறந்து பார்க்காமல் ஃபார்மேட் செய்துவிடலாம், அதில் இழப்பதற்கு ஒன்றும் இருக்காது.