கிளிக்கு என்ன தீனி போடலாம்? – கேள்வி பதில்

காக்டெயில், பட்ஜி, கான்யூர், ஆப்பிரிக்கன் கிரே – இந்த வளர்ப்புக் கிளி வகைகளின் தினசரித் தீனி பற்றி மட்டும் கேளுங்கள். பறவையின் வயதையும் கிராமில் எடையையும் சேர்த்து எழுதுங்கள்.

சார், காக்டெயில், ஒரு வயசு, 92 கிராம். சூரியகாந்தி விதை தவிர எதையும் தொட மாட்டேங்குது. – ஈரோடு

உரித்த சூரியகாந்திப் பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய். வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை, கால்சியமும் சொற்பம். கூண்டுக்குள் பறக்க வழியில்லாத பறவைக்கு அந்தக் கொழுப்பு ஈரலில்தான் சேரும். அலகு அளவுமீறி வளர்வது, நாலு தடவை சிறகடித்ததும் வாய் திறந்து மூச்சு வாங்குவது எல்லாம் அதன் அடையாளங்கள்.

மாற்றுவதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். முதல் வாரம் முக்கால் பங்கு சூரியகாந்தி, கால் பங்கு தினை, சாமை, கம்பு கலவை. அடுத்த வாரம் பாதிக்குப் பாதி. மூன்றாம் வாரம் கால் பங்கு சூரியகாந்தி. அதன்பின் அது கிண்ணத்தில் வரக்கூடாது. கையில் வந்து உட்கார்ந்தால் நாலைந்து விதை, அவ்வளவுதான். சிறுதானியம் பழகிய பிறகு காய்க்குப் போங்கள். காலையில் பசியோடு இருக்கும்போது முதலில் காய், இரண்டு மணி நேரம் கழித்துத் தானியம்.

ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு கட்டாயம். தினமும் காலையில், முதல் எச்சம் போட்ட பிறகு, தீனிக்கு முன் நிறுத்துக் குறித்து வையுங்கள். 92 கிராம் பறவை 83-க்கு இறங்கினால் பழைய தீனிக்கே திரும்பி மருத்துவரைப் பாருங்கள். எச்சம் கரும்பச்சையாக, கொஞ்சமாக விழுந்தால் அது சாப்பிடவில்லை என்று பொருள். ‘பசிச்சா தானா தின்னும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த அளவுப் பறவை ஓரிரு நாள் பட்டினியிலேயே செத்துவிடும்.

பட்ஜி ஜோடி. எவ்வளவு போடணும் அண்ணா? கிண்ணம் எப்பவும் நிறைஞ்சேதான் இருக்கு. – திருச்சி

ஒரு பறவைக்கு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு டீஸ்பூன் தானியம், கூடவே பொடியாக நறுக்கிய கீரை ஒரு டீஸ்பூன். கிண்ணம் நிறைந்திருப்பதை நம்பாதீர்கள், ஊதிப் பாருங்கள். பட்ஜி விதையை உரித்துவிட்டு உமியை அதே கிண்ணத்தில்தான் போடும். மேலே உமி மூடியிருக்க, அடியில் ஒன்றுமில்லாமல் பறவை பட்டினி கிடப்பது அடிக்கடி நடக்கிறது.

பால்சாதம், பிஸ்கட், கொஞ்சம் மிக்சர் கொடுக்கலாமா? ஆசையா சாப்பிடுது. – சேலம்

கூடாது. பாலிலுள்ள சர்க்கரை பறவைக்குச் செரிக்காது. மிக்சரில் உப்பு, பிஸ்கட்டில் சர்க்கரையும் கொழுப்பும். ஆசையாகத் தின்பது அளவுகோல் அல்ல. சாக்லேட்டையும் ஆசையாகத்தான் தின்னும், அது விஷம்.

சன் கான்யூர், 110 கிராம். என்னென்ன காய், பழம்? – கோவை

நல்ல கேள்வி. கிளிகளுக்கு முதலில் பற்றாக்குறையாவது வைட்டமின் ஏ. குறைந்தால் அடிக்கடி தும்மும், வாய்க்குள் வெள்ளைத் திட்டு வரும். அதனால் ஆரஞ்சு, சிவப்பு, கரும்பச்சை நிறக் காய்களைத் தேடுங்கள்: கேரட், மஞ்சள் பூசணி, சிவப்புக் குடைமிளகாய், முருங்கைக்கீரை. வெள்ளரியும் சுரைக்காயும் பெரும்பாலும் தண்ணீர்தான். பழுத்த சிவப்பு மிளகாயைத் தாராளமாகக் கொடுக்கலாம்; பறவைக்கு அந்தக் காரம் உறைக்காது. கோவைப்பழம், கொய்யா, பப்பாளி, மாதுளை நல்லவை. ஆனால் மொத்தத் தீனியில் பழம் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஆப்பிளில் விதையை எடுத்துவிடுங்கள்.

அவகாடோ மட்டும் ஒரு துண்டுகூட வேண்டாம். அதிலுள்ள பெர்சின் பறவையின் இதயத்தைத் தாக்கும். வெங்காயம், பூண்டு, காபி, டீ, வேகவைக்காத ராஜ்மா இவையும் கூடாது. பாலக்கைத் தினமும் போடாதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

பெல்லட்னு ஒண்ணு விக்கிறாங்களே, வாங்கலாமா? – சென்னை

வாங்கலாம். தானியம், வைட்டமின், தாது எல்லாம் சேர்த்து அரைத்து உருட்டிய தீனி அது. காக்டெயில், கான்யூருக்குத் தீனியில் பாதி வரை. சாயம் போடாததாகப் பாருங்கள்; கலர் பெல்லட் எச்சத்தின் நிறத்தை மாற்றி நோயை மறைத்துவிடும். பெல்லட் பாதிக்குமேல் போனால் தனியாக வைட்டமின் சொட்டு வேண்டாம். வைட்டமின் டி3 மிஞ்சினால் சிறுநீரகம் கெடும்.

காட்டுல கிளி பெல்லட்டா தின்னுது? எல்லாம் வியாபாரம். எங்க வீட்டுப் பறவைக்குத் தினை மட்டும்தான், நல்லாத்தான் இருக்கு. – மதுரை

காட்டில் கிளி காய்ந்த தினையை மட்டும் தின்பதில்லை. பால்பிடித்த கதிர், மொட்டு, தளிர், காய் என்று மாற்றி மாற்றித் தின்கிறது, தினமும் பல கிலோமீட்டர் பறக்கிறது. நீங்கள் போடுவது ஒரே ஒரு முற்றிய விதை. நூறு கிராம் தினையில் கால்சியம் சுமார் 30 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 290. கால்சியம் அல்லவா கூடுதலாக இருக்க வேண்டும்! கிளி நோயை மறைக்கும் பிராணி. நன்றாக இருப்பது போலத் தெரிந்து, முட்டை வைக்கும்போது அடைத்துக்கொள்ளும்.

அப்ப நம்ம ஊர் தானியமே வேஸ்ட்டா? – மதுரை, மறுபடியும்

யார் சொன்னது? கேழ்வரகில் கால்சியம் 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். பிரச்சினை ‘மட்டும்’ என்கிற இடத்தில்தான். எடை எத்தனை என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

சார் பெல்லட்டே விஷம்னு வீடியோல சொன்னாங்க… – திருப்பூர்

பூசணம் பிடித்த பெல்லட் விஷம்தான், எந்தத் தீனியும் அப்படியே. காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, திறந்த இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள்.

என் காக்டெயில் சூரியகாந்தி மட்டும்தான்… – வேலூர்

முதல் பதில்.

வேர்க்கடலை? – விழுப்புரம்

பச்சையாக, ஓட்டோடு வேண்டாம். கடலையில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டது பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கால்தான். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மனிதர் தின்னும் தரத்தில், உப்பில்லாமல் வறுத்தது, கான்யூருக்கு ஒரு பருப்பு.

பச்சைக்கிளிக் குஞ்சு கிடைச்சுது, என்ன ஊட்டலாம்? – தஞ்சாவூர்

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்க்கக் கூடாது. இன்றே வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

வரி போட்ட சூரியகாந்தி நல்லதாமே? – நாமக்கல்

எண்ணெய் கொஞ்சம் குறைவு. தினசரித் தீனி ஆகாது. சூரியகாந்திக் கேள்விகளுக்கு இனி பதில் கிடையாது.

ஆப்பிரிக்கன் கிரே, திடீர்னு நடுங்கிக் கீழே விழுது. – பெங்களூரு

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கிளம்புங்கள். ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கலாம். கிரேயிடம் இது அதிகம்.

கணவாய் ஓடு எங்க கிடைக்கும்? மணலும் போடணுமா? – நாகர்கோவில்

கால்சியத்துக்கான அந்த ஓட்டை நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கூண்டில் மாட்டுங்கள். மணல் வேண்டாம், கிளி விதையை உரித்தே விழுங்கும், உமியை அரைக்க மணல் தேவையில்லை. காலை வெயில் இருபது நிமிடம் நேரடியாகப் படட்டும், கண்ணாடி ஜன்னல் வழியாக அல்ல. பாதிக் கூண்டு நிழலில் இருக்க வேண்டும்.

88 கிராம். காக்டெயில். பெல்லட் வாங்காம கேழ்வரகு, கீரை வச்சே சமாளிக்க முடியுமா? – மதுரை

முடியும், வேலை அதிகம். கேழ்வரகு, பாசிப்பயறு இரண்டையும் தனித்தனியாக எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டுங்கள். எட்டு மணிக்கொருமுறை அலசுங்கள். வால் எட்டிப் பார்த்ததும் எடுத்துவிடுங்கள், நீள விட வேண்டாம். நாளைக்கு முளை ஒரு டீஸ்பூன், முருங்கைக்கீரையும் கேரட்டுமாக இரண்டு டீஸ்பூன், தானியக் கலவை இரண்டு டீஸ்பூன். முளையைக் கூண்டில் ஒரு மணி நேரத்துக்குமேல் விடாதீர்கள், மதுரை வெயிலில் அதற்குள் பிசுபிசுக்கும். புளித்த வாடை வந்தால் அலசிப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.