‘இவளுக்கு இவ்வளவுதான் வரும்’ என்கிறார் டீச்சர்

கேள்வி: தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறோம். மகள் மாநகராட்சி ஆங்கிலவழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ‘வீட்டில் படித்தவர்கள் இல்லை, இவளுக்கு இவ்வளவுதான் வரும்’ என்று சொல்லி டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார். பள்ளியை மாற்றலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், அம்மா. முதலில் மகளின் நோட்டையும் முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தியின் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. ஒரே பாடத்தில் பத்துப் பக்கம் போதும். இரண்டும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தால், வகுப்பு முழுக்கவே போர்டைப் பார்த்து எழுதுகிறது. அந்தப் பிள்ளை மட்டும் சொந்தமாக எழுதி, அதில் சிவப்பு மைத் திருத்தமும் இருந்தால், உங்கள் மகளுக்கு வேலையே குறைத்துத் தரப்படுகிறது. டீச்சர் கேள்வியே கேட்காத பிள்ளைக்குப் பதில் சொல்லிப் பழக்கம் இல்லை. பழக்கம் இல்லாததால் பதில் வராது. ‘நான் சொன்னது சரிதானே’ என்று டீச்சருக்குத் தோன்றிவிடும்.

இது உங்கள் வீட்டுக் குறை இல்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரப் பள்ளி ஒன்றில் பாலர் வகுப்பைக் கவனித்த சமூகவியலாளர் ரே ரிஸ்ட், 1970-ல் எழுதினார்: எட்டாவது நாளே ஆசிரியை பிள்ளைகளை மேசை பிரித்து உட்கார வைத்துவிட்டார். உடை, பேச்சு, வீட்டு வசதிதான் அளவுகோல். இரண்டாம் வகுப்பு வரை அந்தப் பிரிவினை தொடர்ந்தது.

அடுத்து, இரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு கதையை வாசிக்கச் சொல்லி, அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டவே திணறினால் அங்கிருந்து தொடங்க வேண்டும். வாசித்துவிட்டுச் சொல்லத் தெரியாவிட்டால், சொற்களுக்கு அர்த்தம் தெரியவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு டீச்சரைப் பாருங்கள். ‘கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அதில் எதுவும் மாறாது. தெரிந்த இந்தியிலேயே மூன்று கேளுங்கள்: பெஞ்சைச் சுழற்சியில் மாற்றுவது, தினமும் இவளிடம் ஒரு கேள்வி, வாரம் ஒரு முறை சொந்தமாக எழுதியதைத் திருத்தித் தருவது. ஒரு மாதம் பொறுத்து நோட்டைத் திரும்பப் பாருங்கள். அசையவில்லை என்றால் தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்து, தேவையானால் கூடுதலாகச் சொல்லித்தருவது ஆசிரியரின் கடமை என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு. மனம் நோகச் செய்வதை 17-வது பிரிவு தடுக்கிறது.

டியூஷனுக்குப் போகிறாள் என்றால் அந்த நோட்டையும் பாருங்கள். அங்கேயும் விடையைச் சொல்லி எழுத வைக்கிறார்கள் என்றால் அந்தப் பணம் வீண். அதற்குப் பதில் தினம் இருபது நிமிடம், அன்றைய பாடத்தை அவள் உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். புரியாத இடத்தில் ‘ஏன்?’ என்று கேளுங்கள்.