விறாந்தைக்கு மேல் கூரை படியாக உடைவது

சீஃப் ஆர்க்கிடெக்ட் என்ற வீட்டுப்பட மென்பொருளில் வரைந்த களுவாஞ்சிகுடி வீட்டுப் படத்தில் முன் விறாந்தைக்கு மேல் கூரை படியாக உடைகிறது, கையால் திருத்தினாலும் பழையபடி மாறுகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

உடைவுக்குக் காரணம் உயரம். ஹோலுக்கு 10 அடி, விறாந்தைக்கு 8 அடி சீலிங் கொடுத்திருக்கிறீர்கள். சீஃப் ஆர்க்கிடெக்ட் அந்தந்த அறையின் சீலிங் உயரத்திலிருந்துதான் கூரையைத் தொடங்கும். கூரை கட்டும் பில்ட் றூஃப் பெட்டியில் ‘சேம் றூஃப் ஹைட் அற் எக்ஸ்டீரியர் வோல்ஸ்’ (வெளிச்சுவர்களில் கூரை ஒரே உயரம்) என்பதற்குச் சரி போட்டுத் திரும்பக் கட்டுங்கள். 8 அடி அகல விறாந்தை வீட்டின் முழு நீளத்துக்கும் போவதால், 12க்கு 6 சாய்வில் (12 அடி போக 6 அடி இறங்கும்) முகடு 4 அடி முன்னால் நகர்ந்து 2 அடி உயரும், அதற்கு மரம் கணக்குப் பண்ணுங்கள்.

ஹோல் கூரையை அப்படியே கீழே இழுக்க நினைக்காதீர்கள். அதே சாய்வில் 8 அடி அகல விறாந்தைக்கு 4 அடி இறங்கும். வெளித்தூணில் 6 அடிதான் மிஞ்சும், தலை இடிக்கும். சாய்வைக் குறைத்தால் மார்கழி மழை காற்றோடு அடிக்கையில் ஓட்டுக்கடியால் தண்ணீர் ஏறும்.

திருத்தியது அழிவது கூரையைத் தானாகத் திரும்பக் கட்டும் ‘ஓட்டோ றீபில்ட் றூவ்ஸ்’ போட்டிருப்பதால். முதலில் அதை எடுத்துவிடுங்கள். கூரை சரிவந்த பிறகே கைமரம் போடுங்கள், இடைவெளியை ஓடாவியிடம் (தச்சரிடம்) கேட்டு.