ஈடிபஸ் நாடகத்துல நடந்த எல்லாத்துக்கும் ஈடிபஸ் தான் காரணமா, இல்ல விதியா?

ஈடிபஸ் குற்றவாளி இல்லைன்னு தான் நான் சொல்லுவேன். ஆனா "எல்லாம் விதி, பாவம் அவன் என்ன பண்ணுவான்"னு சொல்றதும் எனக்கு ஒத்துக்க முடியல.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். தீப்ஸ் நகரத்துல கொள்ளைநோய். முந்தின ராஜா லாயஸைக் கொன்னவனைக் கண்டுபிடிச்சு தொரத்தினா தான் நோய் போகும்னு டெல்பி கோயில் குறி சொல்லுது. இப்போ ராஜாவா இருக்கற ஈடிபஸ், கொலைகாரன் என் வீட்டுலயே இருந்தாலும் விடமாட்டேன்னு ஊர் முன்னாடி சாபம் போட்டு விசாரணைய ஆரம்பிக்கிறான், கடைசியில பாத்தா கொன்னது அவனே, செத்தது அவன் அப்பா, கட்டிக்கிட்டது பெத்த அம்மா ஜொகாஸ்டாவ. பழைய கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபக்ளீஸ் எழுதினது, கிட்டத்தட்ட கி.மு. 429ல.

நீ உன் அப்பாவைக் கொல்லுவேன்னு முன்னாடியே குறி கேட்டவன் ஏன் ஒரு வயசானவரை அடிச்சான்னு நிறைய பேர் கேக்கறாங்க. அந்தக் குறிக்குப் பயந்து தான அவன் வளர்ந்த ஊரான கொரிந்துக்கே திரும்பிப் போகல, தன்னை வளர்த்தவங்களைத் தான் பெத்தவங்கன்னு நம்பிட்டு இருந்தான். மூணு ரோடு சேர்ற எடத்துல அவனை வழியை விட்டுத் தள்ளப் பாக்கறாங்க, வண்டியில இருந்த பெரியவர் மண்டையிலயே அடிக்கிறாரு, இவன் திருப்பி அடிக்கிறான். கோவம் ஜாஸ்தி தான், கூட வந்தவங்களையும் கொன்னது ரொம்ப அதிகம், ஆனா அப்பாவைக் கொன்ன பாவம்னு அதை அவன் மேல சுமத்த முடியாது.

அந்தக் கால ஏதென்ஸ் சட்டத்துலயே வேணும்னே செய்யற கொலை வேற, தெரியாம நடக்கற கொலை வேற. ஆனா தீட்டு அப்படி பாக்காது, ரத்தம் பட்டா ஊரே அனுபவிக்கணும். ஈடிபஸ் மாட்டிக்கிறது இந்த ரெண்டுக்கும் நடுவுல.

எனக்கு அவன் மேல கோவம் வர்றது வேற எடத்துல. கண்ணு தெரியாத தீர்க்கதரிசி டைரீசியஸ் உண்மைய சொன்னதும், நீயும் என் மச்சான் கிரியானும் சேர்ந்து என் பதவிக்கு சதி பண்றீங்கன்னு பாயறான், ஆதாரமே இல்லாம கிரியானைக் கொல்லணும்ங்கறான். இது விதி இல்ல, யார் தலையிலயாவது பழியப் போட்டாகணும்ங்கற பதட்டம், இது முழுக்க அவன் செஞ்ச தப்பு.

ஆனா அதே ஆள் தான் பின்னாடி நிக்காம போறான். ஜொகாஸ்டாவுக்குப் புரிஞ்சிடுது, கெஞ்சறா, இதோட விட்ருங்கறா. ஈடிபஸ் பொறந்தப்போ சாகட்டும்னு மலையில விடறதுக்குக் கொண்டுபோன இடையன் வாயத் திறக்க நடுங்கறான், சொல்றதுக்கே பயங்கரமா இருக்குங்கறான், எனக்கும் கேக்க பயங்கரமா தான் இருக்கு ஆனா கேட்டே ஆகணும்ங்கறான் ஈடிபஸ். ராஜா அவன், ஒரு வார்த்தை சொல்லி விசாரணைய நிறுத்தியிருக்கலாம். அந்த எடத்துக்காகவே இந்த நாடகத்தை எத்தனை தடவ வேணும்னாலும் படிப்பேன்.

ஜொகாஸ்டா தூக்குல தொங்கினதுக்கப்புறம் அவ புடவை ஊசிய எடுத்து கண்ணைக் குத்திக்கிறான். எந்த தெய்வம் உன்னை இப்படி பண்ண வெச்சதுன்னு ஊர்க்காரங்க கேக்கறப்போ, இந்தத் துன்பத்தைக் குடுத்தது அப்பல்லோ, ஆனா குத்தின கை என்னோடதுங்கறான். இவன் குருடாவான்னு டைரீசியஸ் முன்னாடியே சொன்னது தான், இருந்தாலும் கடவுள் மேல முழுசாப் போட்டுட்டுத் தப்பிக்க வழி இருக்கறப்போ அவன் அதை எடுத்துக்கல. எனக்கு மனுஷன்னா அது தான்.

இதோட விட்டுடாதீங்க, "கொலோனஸில் ஈடிபஸ்" நாடகத்தையும் சேர்த்துப் படிங்க. சோஃபக்ளீஸ் தொண்ணூறு வயசுகிட்ட எழுதினது, அவர் செத்ததுக்கப்புறம், கி.மு. 401ல தான் மேடை ஏறிச்சு, கொலோனஸ் அவர் பொறந்த ஊர். அதுல கெழட்டு ஈடிபஸ், உன்னைக் கொல்ல வர்றவன்கிட்ட நீ என் அப்பாவான்னு கேட்டுட்டா நிப்பன்னு கிரியான் முகத்துக்கு நேரா கேக்கறான், ஏதென்ஸ் ராஜா தீசியஸ் அவனுக்கு அடைக்கலம் குடுக்கறான். தீப்ஸ் தொரத்தின அந்த ஆளோட சமாதி தான் ஏதென்ஸுக்குக் காவல்னு அந்த நாடகம் சொல்லுது.