பெயரைப் பதிவு செய்யவில்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம்

எட்டு வருடமாக நீங்கள் விற்கும் முறுக்கின் பெயரையும் மஞ்சள் பாக்கெட்டையும் பக்கத்து ஊர்க்காரர் அப்படியே எடுத்து, டிரேட்மார்க்குக்கும் விண்ணப்பித்துவிட்டார். இனி பெயர் அவருக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

1999 வணிகச் சின்ன (டிரேட்மார்க்) சட்டத்தின் 27(2) பிரிவு, பதிவு செய்யாதவருக்கும் வழக்குப் போடும் உரிமையைக் காப்பாற்றுகிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: முதலில் பயன்படுத்தியவரின் உரிமை, பின்னால் வந்த பதிவைவிட வலுவானது.

ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். பெயருக்கு மதிப்பு இருக்கிறது, வாங்குபவர் குழம்புகிறார், அதனால் உங்களுக்கு நஷ்டம். பழைய பில், பாக்கெட் அடித்த அச்சக ரசீது, உணவு உரிமம் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். "உங்கள் முறுக்கு ருசி மாறிவிட்டதே" என்று யாராவது வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் வாங்குபவர் குழம்புகிறார் என்பதற்கு அது தங்கமான ஆதாரம், அழிக்காதீர்கள்.

அவருடைய விண்ணப்பம் டிரேட்மார்க் ஜர்னலில் (விண்ணப்பங்களை வெளியிடும் அரசு இதழ்) வெளியானதிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். இதைத் தவறவிடாதீர்கள். அப்புறம் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ், தேவைப்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை.

ஒன்று மட்டும் கேளுங்கள்: கோபத்தில் கடைக்காரர்களிடம் அவரை "திருடன்" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் உங்கள் மேல் அவதூறு வழக்குப் போட அதுவே போதும்.